கொடிக்கு உடையவர் உயிரோடு இருக்கிறாரா?

ஓமான் கரையில் எங்கள் சூர் ஊர்க் கடைத்தெருவில் கப்பல் தலைவர் முஹன்னா நகுதா தும்மினால் பேச்சு நின்றுவிடும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவருடைய பாய்க்கப்பலில் நான் ஆறு வருஷம் சமையற்காரன். அவர் தும்மலை நான் கேட்ட அளவுக்கு அவரைப் பெற்றவள்கூடக் கேட்டிருக்க மாட்டாள். முதல் தும்மலுக்கு மீன்காரன் தராசைக் கீழே வைப்பான். இரண்டாவதுக்கு அவருடைய அண்ணன் மகன் சுவைலிம் தேன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். மூன்றாவது தும்மல் வந்தால் யாராவது ஓதவே தொடங்கிவிடுவார்கள். ஒரு மனிதருக்கு நிம்மதியாக ஜலதோஷம் பிடிக்கக்கூட உரிமை இல்லையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு முழத் துணி. நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டை போட்ட பிரெஞ்சுக் கொடி.

அது அவர் கைக்கு வந்த விதத்தை அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். நாற்பது தாண்டிய வயதில், ஆப்பிரிக்கக் கரையில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த ஓபோக் துறைமுகத்துக்குக் கருவாடு கொண்டுபோனாராம். அங்கே ஒரு வரிசை நின்றதாம். வரிசை என்றால் முடிவில் காப்பி கொடுப்பார்கள் என்று நினைத்து இவரும் போய் நின்றாராம். காப்பி கிடைக்கவில்லை. பேர் கேட்டார்கள், கப்பல் பேர் கேட்டார்கள், ஒரு காகிதமும் ஒரு கொடியும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கொடியைக் கொண்டுவந்து கப்பலில் இருந்த ஆட்டுக்குக் குளிருக்குப் போர்த்தினார். பல வருஷம் அந்த ஆடுதான் பிரான்ஸின் பாதுகாப்பில் இருந்தது.

இதற்கிடையில் ஐரோப்பாவில் துரைமார்கள் பிரஸ்ஸல்ஸ் என்ற ஊரில் கூடி உட்கார்ந்தார்கள். ஆப்பிரிக்காவில் ஆள் பிடிக்கக் கூடாது, துப்பாக்கி இறக்கக் கூடாது, கண்டவனுக்கெல்லாம் கொடி கொடுக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டார்கள். துப்பாக்கி செய்வதும் அவர்கள், விற்பதும் அவர்கள், கூடாது என்று கையெழுத்துப் போடுவதும் அவர்கள்! நல்ல கூத்து. பிறகு எங்கள் ஊர்க் கப்பல்களில் பறக்கும் கொடியைப் பற்றி ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் தகராறு முற்றி, ஹேக் நகரத்து நீதிமன்றம் வரைக்கும் போனது. தீர்ப்பு இதுதான்: 1892 ஜனவரி இரண்டாம் தேதிக்கு முன்னால் கொடி வாங்கியவர் வைத்துக்கொள்ளலாம். இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. இன்னொரு கப்பலில் கட்டவும் முடியாது.

எங்கள் பகுதியில் அந்தத் தேதிக்கு முன்னால் வாங்கியவர்களில் மிஞ்சியவர் முஹன்னா நகுதா ஒருவர்தான். ஆட்டைத் தேடிப்பிடித்துக் கொடியை உருவிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த நாலைந்து வருஷத்தில் ஆங்கிலேயர் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து வளைகுடாவை மறித்தார்கள். மஸ்கட்டில் வாங்கிய துப்பாக்கி கடலுக்கு எதிர்ப்புறம் மக்ரான் கரையில் இறங்கி, இந்திய எல்லை மலை ஏறிப்போய் அவர்கள் சிப்பாய்களையே சுட்டதாம். எந்தக் கப்பலைக் கண்டாலும் ஏறிக் குடைந்தார்கள். பிரெஞ்சுக் கொடி பறந்தால் மட்டும் ஏற முடியாது. பக்கத்தில் படகை நிறுத்தி, துபாஷியை விட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். "கொடிக்கு உடையவர் உயிரோடு இருக்கிறாரா?" உடனே சுவைலிம் பெரியவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக் காட்டுவான். அவர் கையை ஆட்டுவார். துரை காகிதத்தில் குறித்துக்கொண்டு சலாம் அடித்துவிட்டுப் போவார். பேரீச்சை மூட்டைக்குக் கீழே துப்பாக்கிகள் சமர்த்தாகப் படுத்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு நடைக்கும் அவர் வந்தே ஆக வேண்டும். வயது அறுபத்தெட்டு. மீன் முள் தொண்டையில் சிக்கிவிடும் என்று மீனை நான் பிசைந்து கொடுக்க வேண்டும். ஈரத்தில் கால் வைக்கக் கூடாது, சண்டை போடக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது. அவரை ஊரே தாங்கியது என்பார்கள். அவர் பிழைப்பைக் கண்டால் எனக்கு அழுகைதான் வந்தது.

அப்படிப்பட்டவருக்குக் காதல் வந்தது. எங்கள் ஊர்க் கடலோடைக்கு அக்கரையில், அய்ஜாவில் ரொட்டி சுட்டு விற்கும் ஸயானா மேல். அவளுக்கு ஐம்பது இருக்கும். வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது. ஓடையைக் கடந்து அவர் போகும்போதெல்லாம் கைபிடித்துக் கூட்டிப்போக என்னை அனுப்புவார்கள். அதனால் எல்லாவற்றையும் கேட்டேன்.

"என்ன நகுதா, ஒரு ரொட்டிக்காக ஒரே நாள்ல மூணு தடவை ஓடை தாண்டி வர்றீங்க? அந்தக் கரையில அடுப்பே எரியலையா?" என்றாள் ஸயானா.

"எரியுது. ரொட்டிதான் நல்லா இல்ல."

"நேத்து நான் குடுத்தது கருகிப்போச்சே."

"அதான் நல்லா இருந்துச்சு."

அவள் சிரித்த சிரிப்பில் மாவு பறந்தது. இவர் மேலெல்லாம் வெள்ளை. துடைத்துக்கொள்ளாமலே ஊர் திரும்பினார். சுவைலிம் பார்த்துவிட்டு ஏதோ தோல் வியாதி என்று வைத்தியரைக் கூப்பிட்டனுப்பினான். தலையில் அடித்துக்கொண்டேன்.

பேரீச்சை அறுவடை முடிகிற நேரத்தில் அவர் வாயைத் திறந்து கேட்டுவிட்டார். ஸயானா கையில் இருந்த உருண்டையைக் கீழே வைத்தாள்.

"நகுதா, நல்லாக் கேட்டுக்குங்க. என் முதல் புருஷன் ஸான்ஸிபார் போனான், கப்பலே வரல. ரெண்டாமவன் பஸ்ரா போனான், கப்பல் வந்துச்சு, அவன் வரல. ரெண்டு தடவை இத்தாத் துக்கம் காத்தாச்சு. மூணாவதா ஒருத்தரைக் கடலுக்குக் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல. கரையிலயே தூங்குறதா இருந்தா வாங்க. இல்லைன்னா ரொட்டிய வாங்கிட்டு நடையைக் கட்டுங்க."

"எனக்குக் கொஞ்சம் நாள் குடு ஸயானா."

"இந்தப் பருவத்து முதல் பேரீச்சைக் கப்பல் திரும்பற வரைக்கும் பார்ப்பேன். ஜஅலான்ல இருந்து ஒட்டகக்காரர் ஒருத்தர் கேட்டு விட்டிருக்கார். ஒட்டகம் மூழ்காது."

நகுதா வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் பகுதியே கூடிவிட்டது. சுமை தூக்குகிறவர்கள், பாய் தைக்கிறவர்கள், துப்பாக்கி வாங்கி விற்கிற வியாபாரிகள் எல்லாரும் ஒரே ஒப்பாரி. அவர் கரையில் தங்கிவிட்டால் கொடிக்காரரை எங்கே காட்டுவது? "அவளையும் கப்பல்லயே ஏத்திக்கலாமே" என்றான் ஒருவன். "ஏத்திப் பாரு, உன்னை ரொட்டியாத் தட்டிடுவா" என்றேன் நான். கடைசியில் சுவைலிம் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"சாச்சா, இந்த ஒரு நடை மட்டும் வாங்க. வியாபாரிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். போனா உடனே திரும்பிடலாம். இதுதான் கடைசி."

அவர் நம்பினார். மஸ்கட்டில் இருநூறு துப்பாக்கி ஏற்றினோம். மேலே பேரீச்சை மூட்டைகளை அடுக்கினோம். மூன்றாம் நாள் சுக்கான் பக்கம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த பருவமழைக்குள் இன்னும் ஆறு நடைக்கு அந்த வியாபாரியிடம் ஒப்புக்கொண்டதாகச் சுவைலிம் சுக்கான்காரனிடம் பெருமை அடித்தான். வெங்காயத்தைப் போட்டுவிட்டு நேராகப் பெரியவரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எனக்கு வயிற்றில் எதுவும் தங்காது.

அவர் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். மத்தியானம் ஆங்கிலேயர் படகு பக்கத்தில் வந்தது. வெயிலில் மூக்குத் தோல் உரிந்த ஒரு சின்ன வயது துரை, கூடவே ஃபீரோஸ் என்ற துபாஷி.

"கொடிக்கு உடையவர் உயிரோட இருக்காரா?" என்று ஃபீரோஸ் கத்தினான்.

சுவைலிம் தூக்குவதற்குள் நகுதா தானே எழுந்துவிட்டார். "இருக்கேன்! ஏறி வாங்க! பேரீச்சைக்குக் கீழ இருநூறு துப்பாக்கி இருக்கு! வந்து எண்ணிப் பாருங்க!"

சுவைலிம் அப்படியே பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஃபீரோஸ் மொழிபெயர்த்தான். துரை சிவந்தார், பிறகு வெளுத்தார். ஒரு புத்தகத்தை எடுத்து அவசர அவசரமாகப் புரட்டினார்.

"நகுதா, இப்படிச் சொல்லச் சொல்லி உங்களை யாரு அனுப்பினாங்கன்னு துரை கேக்கறாரு."

"யாரும் அனுப்பலய்யா! நானேதான் கூப்பிடறேன்!"

"பிரெஞ்சுக்காரங்க விரிச்ச வலை இதுன்னு சொல்றாரு. அவர் காலை வச்சா நாளைக்கே பாரீஸ்ல பத்திரிகைக்காரன் எழுதிடுவானாம். அவர் உத்தியோகம் போயிடுமாம். ஊர்ல அவருக்கு அம்மா இருக்காங்களாம்."

"நான்தான்யா அனுமதி குடுக்கறேன்!"

"உங்க அனுமதி செல்லாது. கொடி பிரான்ஸோடது. நீங்க அதுக்குக் கீழ உயிரோட இருக்கீங்க, அவ்வளவுதான். நீங்க உயிரோட இருக்கற வரைக்கும் துரை இந்தப் பலகையில கால் வைக்க மாட்டாரு."

நகுதாவுக்கு வெறி வந்துவிட்டது. மூட்டையைப் புரட்டித் தள்ளி, ஒரு துப்பாக்கியை உருவி எடுத்து இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இது என்ன, கரும்பா?"

துரை முதுகைத் திருப்பிக்கொண்டு மறுபக்கத்து வானத்தை உற்றுப் பார்த்தார். அங்கே ஒரு கடற்காக்கைகூட இல்லை. அப்படியே பார்த்தபடி சலாம் அடித்தார். படகைத் துடுப்புப் போட்டு விரட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அல்லாவே! நாங்கள் சிரித்த சிரிப்பில் கப்பல் ஆடியது. ஒருவன் விக்கலெடுத்து மூச்சுமுட்டி, முதுகில் குத்த வேண்டியதாயிற்று. சாச்சாவை அடிப்பதா முத்தமிடுவதா என்று தெரியாமல் சுவைலிம் இரண்டுக்கும் கையை ஓங்கிக்கொண்டு நின்றான். நகுதா மட்டும் சிரிக்கவில்லை. "உயிரோட இருக்கற வரைக்கும்" என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மக்ரானில் சரக்கை இறக்கிவிட்டுத் தண்ணீர் பிடிக்க மஸ்கட்டில் நின்றோம். சுவைலிம் வியாபாரியைப் பார்க்கப் போன நேரம் பார்த்து நகுதா என் தோளைத் தட்டினார்.

"ஸங்கூர், செருப்பை மாட்டு. ஒரு சாவு சொல்லப் போகணும்."

"யாரு நகுதா செத்தது?"

"நான்தான்."

பிரெஞ்சுத் தூதரகத்தில் கொடிக் காகிதத்தை வருஷா வருஷம் புதுப்பித்துத் தரும் எழுத்தரிடம் என்னை இழுத்துப் போனார். பெய்ரூத்துக்காரர், நஸீப் என்று பெயர். ஒவ்வொரு வருஷமும் நகுதாவின் முகத்தைப் பார்த்துத் தன் கையால் காகிதம் எழுதிக் கொடுத்தவர் அவர்.

"என் பேர் ஹம்தான். முஹன்னாவோட தம்பி. அண்ணன் போயிட்டாரு" என்றார் நகுதா. அவருக்குத் தம்பியே கிடையாது.

நஸீப் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்து மாட்டினார். "அப்படியே அவர் ஜாடை."

"குடும்ப ஜாடை."

"இடது புருவத்துல அதே தழும்பு."

"அதுவும் எங்க குடும்பத்துல வர்றதுதான்."

நஸீப் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். கயிறு போட்டுக் கட்டிய கடிதக் கட்டு ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி மேசைமேல் போட்டார். "இதெல்லாம் உங்க அண்ணனைப் பத்தி. இருக்காரா, இல்லையா, அவர் நிஜமாவே அவர்தானா. வருஷத்துக்கு நாற்பது கடுதாசி. எல்லாத்துக்கும் நான் பதில் எழுதணும், அதுலயும் ரெண்டு பிரதி." பெருமூச்சு விட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ அவர் கப்பல்காரன்தானே? அவர் உயிரோட இல்லைன்னு நீ சாட்சி சொல்லணும். சத்தியமாச் சொல்லணும்."

நான் வாயாடிதான், ஆனால் பொய்ச் சத்தியம் செய்கிறவன் இல்லை. பெரியவர் என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணைப் பார்த்ததும் தானாக வந்துவிட்டது.

"ஐயா, ஆறு வருஷம் அவருக்குச் சமைச்சுப் போட்டேன். தூக்கிக் காட்டுவாங்க, கீழ வைப்பாங்க. அந்தக் கப்பல்ல அவர் உயிரோட இருந்து நான் பார்த்ததே இல்ல. இது சத்தியம்."

"போதும், போதும்" என்று நஸீப் விறுவிறுவென்று எழுதி முத்திரை குத்தினார். மேசையைச் சுற்றி வந்து நகுதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நல்ல மனுஷர். கையெழுத்துதான் கொஞ்சம் கோணல்." நகுதா அழுதுவிட்டார். நடிப்பில்லை, உண்மையாகவே அழுதார். நானும் சேர்ந்து அழுதேன்.

சுவைலிம் கேள்விப்பட்டதும் சாச்சாவை இழுத்துக்கொண்டு அங்கே ஓடினான். "ஐயா, இதோ பாருங்க! உயிரோட இருக்காரு! மூச்சு விடறாரு!"

"விடறாரு, நான் இல்லைன்னு சொல்லல" என்றார் நஸீப். "ஆனா காகிதத்துல முஹன்னா இறந்தாச்சு. இவர்தான் அவர்னு சொல்லணும்னா, நான் பாரீஸுக்கு எழுதணும். அவங்க லண்டனுக்கு எழுதுவாங்க. ஒத்துவரலைன்னா மறுபடி ஹேக். போன தடவை எத்தனை வருஷம் இழுத்துச்சுன்னு தெரியுமில்ல?"

சுவைலிம் படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். கொடியை இறக்கிவிட்டு ஊருக்குக் கிளம்பினோம். வழியில் அதே மூக்குரிந்த துரை. "கொடிக்கு உடையவர் உயிரோட இருக்காரா?" என்று ஃபீரோஸ் கேட்டான். சுவைலிம் பல்லைக் கடித்துக்கொண்டு, "மௌத்தாப் போயிட்டாரு" என்றான். துரை தொப்பியைக் கழற்றினார். மூட்டைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த முஹன்னாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆசை தீரக் கப்பலைக் குடைந்தார்கள். அகப்பட்டது என் வெங்காயம் மட்டும்தான். போகும்போது துக்கத்துக்கென்று ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தார் துரை. அதில் முக்கால்வாசியை இறந்தவரே தின்று தீர்த்தார்.

சூர் வந்து பார்த்தால் ஓடையில் வேறொரு பேரீச்சைக் கப்பல் நிற்கிறது. இரண்டு நாள் முன்னாலேயே திரும்பிவிட்டதாம். நகுதா பலகை போடுவதற்குக் காத்திருக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் குதித்துவிட்டார்! ஆறு வருஷமாக ஈரத்தில் கால் வைக்காத மனிதர். "சாச்சா, சளி பிடிக்கும்!" என்று சுவைலிம் பழக்கதோஷத்தில் கத்தினான்.

ஸயானா வீட்டு வாசலில் இரண்டு ஒட்டகம் கட்டியிருந்தது. உள்ளே ஜஅலான்காரர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நகுதா சொட்டச் சொட்ட வாசலில் நின்றார்.

"நாள் தாண்டிப்போச்சு நகுதா" என்றாள் ஸயானா. குரலில் கேலி இல்லை.

"நான் செத்துப்போயிட்டேன் ஸயானா."

"என்ன உளர்றீங்க?"

அவர் மடியிலிருந்து நனைந்த காகிதத்தை எடுத்து நீட்டினார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். எனக்கு மட்டும் பிரெஞ்சு தெரியுமா? "மௌத்துன்னுதான் எழுதியிருக்கு அக்கா. சாட்சி நான்தான்" என்று முழுக்கதையையும் கொட்டினேன். வானத்தைப் பார்த்த துரையிடம் வந்தபோது அவள் உதடு துடித்தது. புருவத் தழும்புக்கு வந்தபோது சிரித்துச் சிரித்து மாவுத் தட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒட்டகக்காரர் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, காப்பியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க. மத்த ரெண்டு பேரும் என்னைக் கட்டிக்கிட்ட பிறகு செத்தாங்க. இவர் செத்து முடிச்சிட்டு வந்து கேக்கறாரு. இனிமே எனக்கு என்ன பயம்?"

ஜஅலான்காரர் நல்ல மனிதர். காப்பியைக் குடித்து முடித்து, போதும் என்று கோப்பையை ஆட்டிவிட்டு எழுந்து போனார்.

காஜியிடம் நகுதா மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பிரான்ஸ்காரன் சாகடித்ததற்கும் தமக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுக் காஜி நிக்காஹ் செய்துவைத்தார். சுவைலிம் நாலு மாதம் பேசவில்லை. அப்புறம் ஸயானா ரொட்டி அனுப்பினாள், பேச ஆரம்பித்துவிட்டான். அவன் கப்பல் கொடியில்லாமல் பேரீச்சையும் கம்பும் ஏற்றி ஓடியது. யாரும் பட்டினி கிடக்கவில்லை.

முஹன்னா நகுதா கரையில் ஒன்பது வருஷம் வாழ்ந்தார். முள்ளோடு மீன் தின்றார், ஏணியில் ஏறினார், பக்கத்து வீட்டுக்காரனோடு கோழிக்காகச் சண்டை போட்டார். தும்மினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுப் படுத்தவர், ஸயானா கையைப் பிடித்தபடியே போய்விட்டார். ஸயானாவே குளிப்பாட்டினாள்.

வியாழக்கிழமைதோறும் அவள் அவரை அடக்கம் செய்த கபருக்குப் போவாள். துணைக்கு நானும் போயிருக்கிறேன். ஓதி முடித்துவிட்டு, அவர் பழுது பார்க்காமல் விட்ட கூரையிலிருந்து, கடித்துப்போட்ட பேரீச்சங்கொட்டை வரைக்கும் சொல்லித் திட்டித் தீர்ப்பாள். செத்தவரைப் போய் ஏன் அக்கா இப்படித் திட்டுகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன்.

"மத்த ரெண்டு பேரையும் திட்டணும்னா நான் எங்க போய் நிக்கிறது, தம்பி?" என்றாள்.